ஒப்புதல் எண்

பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் கார் நின்றுவிட்டது. மெட்ரோ வேலைக்காக நடுச்சாலையில் அடைத்திருந்த நீலத் தகரங்களுக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவே, முன்னால் போகவும் வழியில்லை, ஒதுங்கவும் இடமில்லை. “பத்தே முக்காலுக்குக் கிண்டியில இருக்கணும்ணே,” என்றாள் மங்கையர்க்கரசி. “போயிரலாம்மா,” என்றார் ஓட்டுநர் ராயப்பன், திரும்பாமலே. வாரத்தில் மூன்று நாள் அலுவலகக் காரை இவர்தான் ஓட்டி வருவார். போயிரலாம் என்று சொல்லிப் போக முடியாமல் போன நாட்களும் உண்டு. இன்றைக்கும் அப்படி ஆகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது, அடுத்த நொடியே நாளைக்கு வைப்பார்கள், அவ்வளவுதானே என்றும் தோன்றியது. கூட்டம் பதினோரு மணிக்கு. அதில் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு பக்க அறிக்கை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் தன் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சங்கரன்கோவில் டயாலிசிஸ் மையத்தில் பிச்சையா என்கிற ஐம்பத்தொரு வயது விசைத்தறிக்காரர் ஏழு மணி நேரம் காத்திருந்துவிட்டுச் சிகிச்சை கிடைக்காமல் திரும்பிப்போனதற்கும், அன்று சாயங்காலமே மூச்சு முட்டித் திருநெல்வேலிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் செத்துப்போனதற்கும் காரணம், பணியில் இருந்த செவிலியர் ஜெபசீலி அவசரகால நடைமுறையைப் பின்பற்றாததுதான் என்கிறது அந்த அறிக்கை. கணினி அமைப்பில் குறையில்லை என்கிறது. அப்படிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த அமைப்பை வரைந்தவளே சொன்னால்தான் எடுபடும். வரைந்தவள் மங்கையர்க்கரசி.

சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து குப்பை வாடை வந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன, ஆனாலும் வந்தது. நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருஷ மென்பொருள் வேலை, அதில் கடைசி ஒன்பது வருஷம் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. வாடிக்கையாளர் தன் தலைவலியைச் சொல்வார், அவள் கேட்பாள், பிறகு பெட்டிகள் வரைவாள், பெட்டிக்குப் பெட்டி அம்புகள் போடுவாள், அந்தப் படத்தைப் பார்த்து நாற்பது பேர் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதுவார்கள். வாக்குக் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், செய்து கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் அவள். வாக்குக் கொடுத்தவர்கள் அவளைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவது அவள் வாயால் ‘முடியும்’ என்று சொல்ல வைக்கத்தான். செய்கிறவர்களோ இதெல்லாம் முடியுமென்று யார் சொன்னது என்று அவளைத்தான் கேட்பார்கள். நன்றாக ஓடினால் விற்றவருக்கு மாலை, நின்றுபோனால் வடிவமைப்புப் பிரச்சினை. இதெல்லாம் பழகிப்போன கசப்பு, இதை நினைத்து நினைத்து உள்ளூர ஒரு பெருமைகூட வந்திருந்தது, எல்லாரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறவள் என்று. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆறு பக்கத்தில் விடை வந்திருக்கிறது. தாங்கினது யாரை? இந்த வாடிக்கையாளர் இருபத்தாறு ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்துகிற நிறுவனம். அவர்கள் சொன்ன தலைவலி, வடிகட்டியும் குழாயும் களவு போகின்றன, காப்பீட்டு ஒப்புதல் வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள், அப்புறம் ஒப்புதல் வருவதில்லை என்பது. அவள் கொடுத்த தீர்வு ஓர் அலமாரி. வடிகட்டியும் குழாயும் அந்த இரும்பு அலமாரிக்குள் இருக்கும். சென்னையிலிருந்து ஒப்புதல் எண் வந்து, அதைச் செவிலியர் அழுத்தினால்தான் பூட்டு திறக்கும். எண் வராவிட்டால் திறக்காது. மின்னல் போல வேலை செய்கிறது என்று முதல் மாதம் எல்லாரும் சொன்னார்கள். ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள், கண்ணாடியில் செய்தது, அவள் மேஜையில் இருக்கிறது, அதன் மேல் பேனா மூடிகளைப் போட்டு வைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குச் சங்கரன்கோவிலில் யாரோ சாலையைத் தோண்டினார்கள், கேபிள் அறுந்தது, எண் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. லாரி நகர்ந்தது, கார் பத்தடி நகர்ந்து மறுபடி நின்றது. போன் அடித்தது, ஸ்ரீவத்சன். அவளுடைய மேலதிகாரி, இந்த வாடிக்கையாளருக்கு எல்லாப் பொறுப்பும் அவருடையது. “மங்கை, எங்க இருக்கீங்க?” “பள்ளிக்கரணை.” “பரவால்ல, மெதுவா வாங்க. நவநீதன் சார்கிட்ட பேசிட்டேன், அவங்க சைடுல எல்லாம் க்ளியர். நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு சைன் பண்ணா போதும்.” “எந்த ரெண்டு வார்த்தை?” அவர் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு. “அவசர எண் வாங்குற வழி இருந்துச்சு, அந்தம்மா வாங்கல. அது உண்மைதானே? மேனுவல்ல பதினாலாம் பக்கத்துல இருக்கே.” “அந்த அவசர எண்ணைக் கேக்கறதுக்கும் அதே நெட்வொர்க்குல உள்ள போகணும், ஸ்ரீ.” “அது இந்த அறிக்கைக்குள்ள வர்ற விஷயம் இல்ல மங்கை. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்.” வைத்துவிட்டார். அடுத்த வெர்ஷன். இதே சொல்லை இதே குரலில் இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள், அன்றைக்கு அது குறுஞ்செய்தியாக வந்தது, மேஜைக்கு அடியில் அவள் மடியில் போன் அதிர்ந்தது, விடுங்க, நெக்ஸ்ட் வெர்ஷன்ல பாத்துக்கலாம் என்று.

அந்தக் கூட்டத்தை எத்தனை தடவைதான் நினைப்பது. மூன்று வாரமாகப் பல் தேய்க்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்து நிற்கும்போது, லிஃப்டில். அன்றைக்குத் திரையில் அவள் படம் இருந்தது, பதினேழு பெட்டிகள். பதினாறாவது பெட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒன்று, ‘செவிலியர் முடிவு’. எண் வராத நேரத்தில் செவிலியர் தன் பொறுப்பில் அலமாரியைத் திறக்கலாம், ஒப்புதல் பிறகு வாங்கிக்கொள்ளலாம். டயாலிசிஸ் நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த நவநீதன் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “இது வேணாம்மா. அப்புறம் ஆளாளுக்குத் திறப்பாங்க.” அவள் வாதாடினாள். வாதாடினாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அந்தக் கூட்டத்தின் பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டாள். தொண்ணூறு நொடி. இல்லை, எழுபது, நடுவில் யாரோ இருமியதைக் கழித்தால். நெட்வொர்க் போனா என்ன சார் பண்றது என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள், ரெண்டு லைன் போட்டிருக்கோமே என்றார் நவநீதன், ரெண்டு லைனும் ஒரே பள்ளத்துல போனா என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது, ஆனால் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு சொடுக்கு, அழி என்று ஒரு பொத்தான். பெட்டி போய்விட்டது, அதற்கு வந்த இரண்டு அம்புகள் மட்டும் எங்கும் போய்ச் சேராமல் தொங்கின, அவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு ஆவணத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தாள், இந்த இடர் வாடிக்கையாளரால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று. எவ்வளவு அழகாக அமைந்த வாக்கியம். யார் மேலும் பழி விழாது. பிச்சையா ஏற்றுக்கொண்டாரா என்று அந்த வாக்கியத்தில் கேட்க இடமே இல்லை.

ஏன் கேட்கவில்லை. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் மனம் வந்து சிக்கிக்கொள்ளும். படத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, அதனால். இல்லை, தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஸ்ரீவத்சன் செய்தி அனுப்பினார், அதனால். அவர் சொல்லியும் கேட்காமல் பிடிவாதம் பிடித்த கூட்டங்கள் இருக்கின்றன. வேளச்சேரி மேம்பாலத்தில் கார் ஏறியது, வெயில் சட்டென்று மடியில் விழுந்தது. நவநீதனுக்குப் பயந்து. அவர் பயப்படுத்துகிற ஆள் இல்லை, காப்பி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்கிற ஆள். கேட்கவில்லை, ஏனென்றால், ஏனென்றால் மணி இரண்டரை. காலையில் ஒரு இட்லி சாப்பிட்டதோடு வந்திருந்தாள். கூட்ட அறைக்கு வெளியே சாப்பாடு வந்து இறங்கிவிட்டது, யாரோ மூடியைத் திறந்துவிட்டார்கள், பிரியாணி வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது, வாயில் எச்சில் ஊறியது, இன்னொரு கேள்வி கேட்டால் இன்னும் அரை மணி நேரம். இதுதான். இதைத்தான் மூன்று வாரமாக வேறு வேறு பெயர் சொல்லி மூடிக்கொண்டிருக்கிறாள். பசி. பசிக்காக அவள் அந்தப் பெட்டியை அழித்தாள், அழித்துவிட்டு வெளியே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள், வெங்காயப் பச்சடி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். ஒரு பெரிய கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடத் தேவலை. யாரிடமாவது போய் ஒப்புக்கொள்ளவாவது அதில் ஏதாவது இருந்திருக்கும்.

போன் மறுபடி அடித்தது. பெயரில்லாத எண். அதன் கடைசி நான்கு இலக்கங்களை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, எங்கே என்று உடனே தெரியவில்லை. எடுத்தாள். “மேடம், நான் ஜெபசீலி பேசுதேன். சங்கரன்கோவில் சென்டர்ல இருந்து. ஞாபகம் இருக்கா?” இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் அலமாரியை நிறுவிய நாளில் அவளே போயிருந்தாள். ஜெபசீலி நெட்டையான பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், அலமாரியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது படுத்துட்டுன்னா என்ன செய்யணும் மேடம் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டவள். எதுனாலும் எனக்கு அடிங்க என்று சொல்லித் தன் எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு வந்தாள் மங்கையர்க்கரசி, எல்லாரும் கை தட்டினார்கள். “சொல்லுங்க ஜெபசீலி.” “என்கொயரி வெச்சிருக்காங்க மேடம், வார வெள்ளிக்கிழம. நான் ஒண்ணும் செய்யலன்னு சொல்லுதாவ. நான் ஹெல்ப்லைனுக்குப் பதினோரு தடவ அடிச்சேன். ஐடி போட்டு உள்ள வாங்கன்னே சொல்லிட்டு இருந்தாங்க. நெட்டே இல்லாம எப்படி மேடம் உள்ள போக?” “ம்.” “பிச்சையா அதுக்கு முந்துன சனிக்கிழம வரலை, சொந்தத்துல ஒரு கல்யாணம்னாரு. அதனால அன்னைக்குக் கட்டாயம் மிஷின்ல ஏத்தணும்னு எனக்குத் தெரியும். முகம் ஊதிப் போயிருந்துச்சு. பூட்ட ஒடைச்சிரவான்னு அவர் பொண்டாட்டிகிட்டயே கேட்டேன். அந்தம்மா, உனக்கு வேல போயிருமே தாயின்னு சொல்லுது.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகையா ஜலதோஷமா என்று தெரியவில்லை. “உங்களுக்கும் ரெண்டு தடவ அடிச்சேன் மேடம். ஒம்பது மணி வாக்குல.”

ஆமாம், கடைசி நான்கு இலக்கம் அதுதான். ஒன்பது மணிக்கு அவள் ஒரு வங்கிக்காரர்களுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள், மேஜையில் போன் முனகியது, பெயர் தெரியாத எண், கடன் அட்டை விற்பவர்களாக இருக்கும், கட்டைவிரலால் தள்ளிவிட்டாள். இரண்டாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்ததும், அறையிலிருந்தவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி புன்னகை செய்ததும் இப்போது அவ்வளவு துல்லியமாக ஞாபகம் வந்தது. “நான் கவனிக்கல ஜெபசீலி,” என்றாள். அது பொய்யில்லை என்று நினைத்தாள். பொய்தான் என்றும் நினைத்தாள். “அதான் மேடம், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொன்னீங்கன்னா. நீங்கதான அத செஞ்சது.” குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, ஒரு பெரிய ஆளிடம் உதவி கேட்கிற குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை. “சொல்றேன்,” என்றாள். போனை வைத்த பிறகும் காதில் சூடு இருந்தது. சொல்றேன். என்ன சொல்வாள். சொன்னால் என்ன ஆகும் என்று மனம் தன் போக்கில் ஒரு படம் வரையத் தொடங்கியது, சொன்னால் என்று ஒரு பெட்டி, அதிலிருந்து அம்புகள், ஸ்ரீவத்சன் முகம், மனிதவளத் துறையிலிருந்து அன்பான ஒரு கடிதம், நாற்பத்தாறு வயதில் கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் காலை எட்டரைக்கு வீட்டுக் கூடத்தில் நிற்கிற ஒருத்தி. சொல்லாவிட்டால் என்று இன்னொரு பெட்டி. அதிலிருந்து ஒரே ஓர் அம்பு, அது சங்கரன்கோவிலுக்குப் போயிற்று. இரண்டையும் எவ்வளவு ஒழுங்காக அடுக்குகிறோம் என்று தன்னையே வெறுத்தாள். ஒரு மனுஷன் செத்ததைக்கூடப் படமாகத்தான் பார்க்கத் தெரிகிறது. “ஏசிய கொறைக்கட்டுமாம்மா, நடுங்குறீங்களே,” என்றார் ராயப்பன் கண்ணாடியில் பார்த்து. “வேணாம்ணே,” என்றாள். அதன் பிறகு கிண்டி வரும்வரை, அறையில் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆறாவது மாடி அறைக்குள் நுழைந்தாள். நவநீதன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பியா டீயா என்று கேட்டார். ஸ்ரீவத்சன் அறிக்கையைக் கடைசிப் பக்கம் திறந்து, பேனாவை மூடி கழற்றி, அவள் பக்கமாகத் தள்ளினார். தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைக்கும்போது சத்தம் வந்தது. “இதுல நான் கையெழுத்துப் போட முடியாது சார்,” என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை, சன்னமாக இருந்தது. “செவிலியர் தானே திறக்கிற மாதிரி ஒரு வழி முதல் படத்துல இருந்துச்சு. நீங்க வேணாம்னீங்க, நான் எடுத்தேன். ரெண்டு லைனும் ஒரே பள்ளத்துல போகும்னு எனக்கு அப்பவே தெரியும். நான் கேட்டிருக்கணும். கேக்கல.” “ஏன் கேக்கலம்மா?” என்றார் நவநீதன், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி. “பசிச்சது சார்.” ஸ்ரீவத்சன் அவளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நவநீதன் நாற்காலியில் சாய்ந்து, “ரொம்ப நாளா லீவே எடுக்கல போலிருக்கு,” என்று ஸ்ரீவத்சனிடம் சொன்னார், அவள் அங்கே இல்லாத மாதிரி, ஆனால் அவள் மேல் இரக்கப்பட்டு. பிறகு அவளிடம், “பாருங்கம்மா, இது ஒரு ஃபார்மாலிட்டி. அந்த நர்ஸை வெள்ளிக்கிழமையே வேலையில இருந்து எடுத்தாச்சு, லெட்டர் இன்னைக்குப் போயிருக்கும்.” “வர்ற வெள்ளிக்கிழமை விசாரணைன்னு சொல்லியிருக்காங்களே?” “அது போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சது. அவங்க வரல. தகவல் அனுப்பினோம், மெயில்ல.” மெயில். எந்த மெயிலை அந்தப் பெண் பார்த்திருப்பாள். மங்கையர்க்கரசி அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே அவள் பெயர் இல்லை. இத்தனை நாளும் இருக்கிறதென்றே நினைத்திருந்தாள். ‘சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்’ என்று மட்டும் இருந்தது. ஸ்ரீவத்சன் பேனாவை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டார். “நானும் பழைய ஆர்க்கிடெக்ட்தான்,” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். நாலு நொடிகூட ஆகவில்லை. “நீங்க வெளியில கொஞ்சம் உக்காருங்க மங்கை. நாம அப்புறம் பேசலாம்,” என்றார். அப்புறம் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்பாகத்தான் பேசுவார்கள்.

வெளியில் உட்காரவில்லை. லிஃப்டுக்கும் காத்திருக்காமல் படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்து நான்காவது மாடி வரை இறங்கினாள், அங்கேயே படியில் உட்கார்ந்தாள். சிமெண்ட் சில்லென்று இருந்தது. சொல்லியாயிற்று. சொன்னதால் ஒரு மயிரும் நடக்கவில்லை. கார் முழுக்க நடுங்கி நடுங்கி ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒரு குளிர்ந்த அறைக்குள் விழுந்து, காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே காணாமல் போயின. வீரம் என்று அவள் நினைத்ததற்கு அங்கே லீவு என்று பெயர். இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம், போய்ப் படுத்துவிடலாம், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணம் எவ்வளவு இதமாக இருந்ததோ அவ்வளவுக்கு வாயில் கசந்தது. போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் ஜெபசீலி. “மேடம், இப்பதான் வாட்ஸப்புல லெட்டர் வந்துச்சு,” என்றாள், அலுத்துப்போன குரலில். “நான் இங்க சொன்னேன் ஜெபசீலி. பிரயோஜனம் இல்ல.” “சரி மேடம். விடுங்க. எங்க சர்ச்சுல ஒரு வக்கீல் இருக்காரு, லேபர் ஆபீஸ்ல எழுதிப் போடலாம்னு சொன்னாரு. ஆனா மிஷினப் பத்தி நம்ம பேச்ச யாரு நம்புவான்னும் சொன்னாரு.” “நான் எழுதித் தர்றேன். அந்த அலமாரிய நீங்க திறக்க வழியே இல்லன்னு. வழிய எடுத்தது யாருன்னும்.” மறுபக்கம் ஒரு மிக்ஸி ஓடுகிற சத்தம், பிறகு அது நின்றது. “பேரு போட்டா மேடம்?” “பேரு போட்டு.” “உங்களுக்கு வேல போயிருமே.” “போகும்.” ஜெபசீலி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்ததை நினைத்து மங்கையர்க்கரசிக்கு வெட்கமாக இருந்தது. “இருங்க, நோட்டு எடுக்கேன்,” என்றாள் ஜெபசீலி. “வக்கீல் கேப்பாரு. சொல்லுங்க, முழுப் பேரு.” சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக அங்கே எழுதப்படுவது கேட்டது, அல்லது கேட்கிற மாதிரி இருந்தது. “வேல என்னன்னு போட?” “சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்.” “அப்படின்னா என்ன மேடம், அவருக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க.” மேலே ஆறாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து, சிரித்துப் பேசிக்கொண்டே மூடினார்கள். “எது எப்போ யாருக்குத் திறக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்றவ,” என்றாள் மங்கையர்க்கரசி. அங்கே பேனா ஓடுவது நின்றது. “திறக்கக் கூடாதுன்னுமா?” என்று கேட்டாள் ஜெபசீலி, கோபம் எதுவும் இல்லாமல். “ஆமா,” என்றாள். “அதையும் எழுதிக்குங்க.”